ஒரே மேசையில் மூன்று வேலைகள்

அரசின் சமூக நல, வேலைவாய்ப்பு அலுவலகம் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கவும் வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித் தரவும் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். பதிலில் பிழையில்லை. ஆனால் இந்த இரண்டையும் செய்கிற அதே அலுவலர், எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வது உண்மைதானா என்று சோதிக்கவும் கடமைப்பட்டவர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த அலுவலகங்கள் மீது மக்களுக்கு இருக்கும் கசப்பில் பெரும்பகுதி, இந்த மூன்றாவது வேலை முதல் இரண்டையும் விழுங்கிவிடுவதால் வருவது என்பதே என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன், வேலையிழந்த தோழி ஒருத்திக்குத் துணையாக அப்படியோர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் வேலை முடிந்ததற்கான காரணத்தைக் கேட்ட இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: தானாக விலகினார், நிர்வாகம் நீக்கியது. அவளை யாரும் நீக்கவில்லை. பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். மூன்று வயதுக் குழந்தையை இரவில் விட்டுவர ஆளில்லாததால் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். முதல் கட்டத்தில் குறியிட்டால் உதவித்தொகை பல வாரம் தள்ளிப்போகும். இரண்டாவதில் குறியிட்டால் பொய் சொன்னதாகும். பேனாவோடு அவள் தயங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்த அலுவலர், படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். தகுந்த காரணத்தோடு விலகியவர்கள் அதைத் தனித்தாளில் எழுதி இணைக்கலாம் என்ற விதி அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது. அதே பேச்சில், அவளுக்கு எந்த நேரத்து வேலை ஒத்துவரும், எவ்வளவு தூரம் போய்வர முடியும், குழந்தைப் பராமரிப்புக்கு எந்த உதவியைக் கேட்கலாம் என்பதெல்லாம் தெளிவாகிவிட்டது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனதையும், அவர் ஒரு முறை அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எங்களிடமே பேச்சைத் தொடர்ந்ததையும் நான் மறக்கவில்லை.

உதவியும் வேலையும் ஒரே கூரையின் கீழ் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 1909-இல் சட்டம் இயற்றி, 1910 பிப்ரவரி முதல் நாளில் அரசு வேலைவாய்ப்பு நிலையங்களைத் திறந்தபோது அவற்றின் நோக்கம் எளிமையானது: ஆள் தேடும் முதலாளியும் வேலை தேடும் தொழிலாளியும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஓர் இடம் வேண்டும், ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் போய்க் கால்கடுக்க நிற்கும் நிலை மாற வேண்டும். 1911-இல் இயற்றிய சட்டத்தின்படி சில தொழில்களுக்கு வேலையின்மைக் காப்பீடு வந்ததும், உதவித்தொகை கேட்பவர் உண்மையிலேயே வேலையில்லாமல் இருக்கிறாரா, வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறாரா என்று பார்க்கும் பொறுப்பும் அதே நிலையங்களின் தலையில் விழுந்தது. வேலை காட்டித் தர வைத்த மேசை அன்றே விசாரணை மேசையாகவும் ஆகிவிட்டது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் இரண்டாவது உடன்படிக்கையிலேயே, கட்டணமில்லாத பொது வேலைவாய்ப்பு நிலையங்களை நாடுகள் நடத்த வேண்டும் என்று சொன்னது. கட்டணமில்லாத என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏழையின் கடைசிக் காசையும் பிடுங்கும் இடைத்தரகர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இணையத்தில் ஆயிரம் வேலை விளம்பரங்கள் கிடைக்கும் காலத்தில் அரசு அலுவலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதில்தான் இருக்கிறது. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவருக்கு அந்த அலுவலகம் அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் வேலை போனவர், சிறையிலிருந்து திரும்பியவர், மாற்றுத்திறனாளி, பல ஆண்டுகள் நோயாளியைக் கவனித்துவிட்டு மீண்டும் வேலை தேடுபவர் ஆகியோருக்காக நேரம் செலவழிப்பதில் தனியாருக்கு லாபம் குறைவு. இவர்களுக்காகத்தான் இந்த அமைப்பே இருக்கிறது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும்; ஏமாற்றுபவர்களும் உண்டு. ஆனால் சோதனை, மனிதர்களிடமிருந்து விலகி எந்திரத்தின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்துவிட்டது. அங்கே 2016-இல் தொடங்கிய தானியங்கிக் கடன் வசூல் முறை, வரித்துறையிடம் இருந்த ஓராண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சராசரியாகப் பங்கிட்டு, அந்தக் கற்பனைக் கணக்கை வைத்து, நீங்கள் அதிகமாக உதவித்தொகை வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் அனுப்பியது. ஆறு மாதம் வேலை பார்த்து, மீதி ஆறு மாதம் வேலையின்றி நேர்மையாக உதவி பெற்றவர்கூட அந்தச் சராசரியில் குற்றவாளி ஆனார். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையிலேயே விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? 2019-இல் அந்தக் கணக்கு முறை சட்டவிரோதம் என்று ஆனது. 2020-இல் சுமார் 4,70,000 கடன்களுக்கான தொகையைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023-இல் விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு மனிதர், எந்தெந்த மாதம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால் அந்தக் கடிதங்களில் எத்தனையோ அச்சேறியே இருக்காது.

தண்டனைக்கும் எல்லை உண்டு. ஒத்துழைக்காதவர்களின் அடிப்படை உதவித்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதுவரை சட்டம் 60 சதவீதம் வெட்டவும், முழுவதுமாக நிறுத்தவும்கூட இடம் கொடுத்திருந்தது. வாடகையும் பேருந்துக் காசும் இல்லாதவர் நேர்காணலுக்கு எப்படிப் போவார் என்பது நீதிமன்றம் வரை போய்க் கேட்கவேண்டிய கேள்வியா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பிடியைத் தளர்த்தினால் எல்லோரும் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் ஓரளவு விடை இருக்கிறது. பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோவை, வேலை தேடினாயா என்ற கேள்வியில்லாமல், வேலை கிடைத்த பிறகும் நிறுத்தாமல் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வேலை செய்வது அதனால் குறைந்துவிடவில்லை; பெரிதாகக் கூடவும் இல்லை. ஆனால் அவர்களது மன அழுத்தம் குறைவாகவும், அரசு அமைப்புகள் மீதான நம்பிக்கை கூடுதலாகவும் இருந்தது கணக்கெடுப்பில் தெரிந்தது. அந்த நம்பிக்கையை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. தன் உண்மை நிலையைச் சொன்னால் பணம் நின்றுவிடுமோ என்று பயப்படுபவர், முதுகுவலியையும் மனச்சோர்வையும் எழுதப் படிக்கத் தடுமாறுவதையும் மறைத்துத்தான் பேசுவார். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குப் பொருத்தமான வேலையை எந்த அலுவலரும் காட்டித் தர முடியாது.

ஆகவே, வழிகாட்டும் அலுவலரும் உதவியை வெட்ட ஆணையிடும் அலுவலரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஓர் அலுவலரிடம் இத்தனை பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று வரம்பு வேண்டும். முடித்த கோப்புகளை மட்டும் எண்ணும் மாதாந்திர அறிக்கையில், வேலைக்குப் போனவர் ஓராண்டு கழித்தும் அதில் நிலைத்திருக்கிறாரா என்ற கணக்கும் சேர வேண்டும். உதவித்தொகையை நிறுத்தும் கடிதம் எதுவாயினும், அதை ஒரு மனிதர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதாகவும், காரணத்தை அவரிடமே நேரில் கேட்க வழியுள்ளதாகவும் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எதிர்த்து ஒருவர் மேல்முறையீடு செய்தால், முடிவு வரும்வரை அவருக்கு வரும் பணம் நிற்கக் கூடாது.