பாலைவனத்துக்கு ஜோடியாகப் போங்கள்

பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தனியாகவோ, நாலைந்து நண்பர்கள் சேர்ந்தோ போகிறார்கள். திரும்பி வந்து போடுகிற படங்களும் ஒரே மாதிரி இருக்கும். நேராக ஓடும் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் மணல், நடுவில் ஒரு சைக்கிள். ஆள் நடமாட்டமே இருக்காது. கீழே வெறுமை, தனிமை, அமைதி என்று ஏதாவது ஒரு வரி. தார் பாலைவனத்தைப் பற்றி இதைவிடத் தப்பான படம் இருக்க முடியாது. உலகத்துப் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கமாக வாழ்கிற இடங்களில் ஒன்று அது. படத்தில் ஆளைக் காணோம் என்றால், எடுத்தவர் சாலையை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

நானும் கணவரும் பிகானேரில் தொடங்கி பலோடி, பொக்ரான், ஜெய்சல்மேர் வழியாக பார்மர் வரை சைக்கிளில் போய் வந்தோம். ஜோத்பூரில் இவருக்கு வேலை இருந்த காலத்தில் பழகிய இந்தி எங்கள் இருவருக்கும் சரளமாக வரும். மார்வாடி பாதி பிடிபடும். கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் பலர் இவரிடம் கேட்டது, "பொம்பளையக் கூட்டிக்கிட்டு பாலைவனத்துக்கா?" என்றுதான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்காகவும், இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போக நினைக்கிற சைக்கிள்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெண் இல்லாமல் போனால் அந்த ஊரில் பாதிதான் கண்ணில் படும். அதிலும் முக்கியமான பாதி விட்டுப்போகும்.

மேற்கு ராஜஸ்தானில் பல இடங்களில் ஊர் என்பது தெருவும் வீடுகளுமாகச் சேர்ந்து இருக்காது. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கும். தாணி என்பார்கள். சாலையிலிருந்து பார்த்தால் மண் நிறத்தில் ஒரு சுவரும் பக்கத்தில் ஒரு வன்னி மரமும் தெரியும், அவ்வளவுதான். தண்ணீருக்காக எங்காவது ஒரு தாணியில் நின்றே ஆக வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் வாசலோடு சரி. வீட்டு ஆள் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போடுவார், தண்ணீர் வரும், டீ வரும், உபசாரத்துக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் அந்த டீயைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியாது. பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். நாங்கள் போன இடத்திலெல்லாம் கட்டில் இவருக்கு, அடுப்படி எனக்கு. யாரும் சொல்லாமலே அப்படிப் பிரிந்துவிடும்.

பொக்ரானுக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. மாமியாரும் இரண்டு மருமகள்களும் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் முக்காடுகள் மேலே ஏறிவிட்டன. எத்தனை பிள்ளைகள், இத்தனை தூரம் மிதித்தால் எங்கே வலிக்கும், மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டாரா என்று மாறி மாறிக் கேள்வி. கம்பு மாவை உள்ளங்கையிலேயே தட்டி ரொட்டி போட்டார் சின்ன மருமகள். கூட மோரும், வன்னிக் காயைக் காயவைத்துச் செய்கிற சாங்ரியும். சாப்பிட்டு முடித்ததும் மாமியாரான பெரியம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் டாங்காவைக் காட்டினார்.

டாங்கா என்பது தரைக்கு அடியில் வட்டமாகத் தோண்டிப் பூசிய தொட்டி. மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. அதைச் சுற்றி மண்ணை நன்றாக இறுக்கி, தொட்டியைப் பார்த்துச் சரிவாக அமைத்த ஒரு களம். அதை ஆகோர் என்கிறார்கள். மழை அந்தக் களத்தில் விழுந்து ஓடிவந்து, கம்பிவலை போட்ட துளை வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். மழைக்கு முன்னால் களத்தைச் சுத்தம் செய்வது அந்த வீட்டில் பெண்கள் வேலை. ஆட்டுப் புழுக்கையை அள்ள வேண்டும், புல்லைப் பிடுங்க வேண்டும், எலி வளையை அடைக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமல் அங்கே யாரும் கால் வைப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஜெய்சல்மேரில் வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 200 மில்லிமீட்டர்கூட இல்லை. சென்னையில் அது 1400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். களம் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 மில்லிமீட்டர் பெய்தாலும் 20,000 லிட்டர்தான். அதிலும் மண் குடித்தது போக மிச்சம்தான் தொட்டிக்கு. ஒரு குடும்பத்துக்கு, அடுத்த மழை வரைக்கும், குடிக்கிற தண்ணீர் அது. பெரியம்மா பூட்டைத் திறந்து வாளியை இறக்கினார். மேலே இழுத்ததும் கயிற்றில் எதுவரை நனைந்திருக்கிறது என்று விரலால் பிடித்துக் காட்டினார். அந்த ஈரத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை மாதம் வரும் என்று அவர் சொல்லிவிடுவார். தீர்ந்துபோனால் டிராக்டரில் டேங்கர் தண்ணீர், காசு கொடுத்து. இத்தனையும் சொல்லிவிட்டு அதே வாளியிலிருந்து என் பாட்டில்களை வழிய வழிய நிரப்பினார். வேண்டாம் என்றதற்குக் கோபப்பட்டார்.

வெளியே கட்டிலில் இவருக்குக் கிடைத்தது வேறு பேச்சு. முதலில் இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேர்கிற ஹரிகேயிலிருந்து இந்த மணலுக்குள் வரை இழுத்துக்கொண்டு வந்த கால்வாய் அது. எந்தப் பக்கம் கோதுமை வந்தது, எங்கே நிலக்கடலை போடுகிறார்கள், நிலத்தின் விலை எப்படி ஏறியது என்று ஆண்கள் பேசியிருக்கிறார்கள். உள்ளே அதே கால்வாயைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குழாயில் தண்ணீர் வருகிற நாள் எது, வராத நாள் எது என்பதுதான். கோடைத் தொடக்கத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடுவார்கள். அந்த வாரங்களை ஒவ்வொரு குடத்தோடும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள் பெண்கள்.

சூரிய மின்சாரமும் அப்படித்தான். பலோடிக்குப் பக்கத்தில் பாட்லாவில் 2245 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. உலகத்தின் பெரிய சோலார் பூங்காக்களில் ஒன்று. ஆண்கள் குத்தகை, காவலாளி வேலை, அடுத்து எந்தக் கம்பெனி எங்கே நிலம் கேட்கிறது என்று பேசுகிறார்கள். பெண்கள் பேசியது ஓரணைப் பற்றி. ஓரண் என்றால் சாமிக்கு விட்ட காடு, நம் ஊர் கோயில்காடு மாதிரி. அங்கே கோடாலி படக்கூடாது. ஆடுமாடு மேயலாம், உதிர்ந்த சுள்ளி பொறுக்கலாம், காய் பறிக்கலாம். பல ஓரண்கள் அரசாங்கப் பதிவேட்டில் தரிசு என்று இருப்பதால் திட்டங்களுக்குப் போய்விடுகின்றன. வேலி விழுந்தால் முதலில் சுற்றிப் போக வேண்டியவர்கள் இந்தப் பெண்கள். சாங்ரியும் அங்கே நிற்கும் வன்னி மரத்திலிருந்துதான் வருகிறது.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் இல்லாத வெறும் மணல் என்று நினைத்துக்கொண்டு போகும்போதுதான் மரத்தையும் மேய்ச்சலையும் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம். வன்னி ராஜஸ்தானின் மாநில மரம். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில், அந்த மரங்களை வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து அம்ரிதா தேவி உட்பட மரம் வெட்டுவதைப் பாவமாக நினைக்கும் பிஷ்னோய் சமூகத்து மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அண்மை வருடங்களில் பிகானேர் பக்கம் சோலார் பண்ணைகளுக்காக வன்னியை வெட்டுவதை எதிர்த்து மறுபடி மக்கள் போராடினார்கள். ஜெய்சல்மேர் பக்கம் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை இன்னொரு துயரம். இயற்கையில் மொத்தமே 150 அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்கிறார்கள். கனத்த உடம்பு, எதிரே உள்ளதைச் சரியாகப் பார்க்க முடியாத கண். பறக்கும்போது மின்கம்பியில் மோதிச் சாகின்றன. 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. சைக்கிளில் போகும்போது தலைக்கு மேலே கம்பிகள் கிலோமீட்டர் கணக்கில் கூடவே வருகின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் மிதித்தேன்.

ஒவ்வொரு ராத்திரியும் நாங்கள் இருவரும் கேட்டதை ஒன்றாகச் சேர்ப்போம். அவர் பாதி, நான் பாதி. பல தடவை இரண்டும் முட்டிக்கொள்ளும். "தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் இப்போது இல்லை" என்று வெளியே சொன்ன அதே வீட்டில், உள்ளே கயிற்றின் ஈரத்தைப் பார்த்திருப்பேன். ஒருவர் மட்டும் போயிருந்தால் அந்த ஒருவருடைய பாதியையே முழுசு என்று நம்பி எழுதியிருப்போம்.

ஜோடியாகப் போவது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்களான ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹன்டர் வொர்க்மனும் 1890களிலேயே கணவன் மனைவியாக அல்ஜீரியாவில் அட்லஸ் மலையைத் தாண்டி சகாரா வரை சைக்கிளில் போனவர்கள். பிறகு இலங்கைக்கு வந்து, இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை மிதித்தார்கள். பாவாடை கட்டிக்கொண்டு அந்தச் சாலைகளில் ஓட்டிய ஃபேனியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையை 1912இல் சியாச்சின் பனியில் விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர். ஆனால் அவர்களுக்குக் கோயிலும் சிற்பமும் பிடித்த அளவுக்கு அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பிடிக்கவில்லை. உதவிக்கு வந்தவர்களை எரிச்சலோடுதான் எழுதினார்கள். எனக்கு அது வருத்தம்தான். அடுப்படிக் கதவுகளைத் தட்ட ஒரு பெண் இருந்தும் தட்டாமலே போய்விட்டார்.

சரி, ஓட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஜோடியாகப் போனால் மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் ஒரு மணி நேரத்தில் புள்ளியாகிவிடுவார். பின்னால் இருப்பவர் அவரைப் பிடிக்க மூச்சிரைப்பார், தண்ணீரும் சீக்கிரம் தீரும். எதிர்காற்று அடிக்கும்போது மட்டும் வலுவானவர் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் பிகானேரிலிருந்து தென்மேற்காக இறங்குவது சுகம். டயருக்கு எதிரி மணல் இல்லை, முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் அங்கேயும் தாராளம். சைக்கிளை ஓரத்தில் சாய்க்காமல், தூக்கிக்கொண்டு போய்க் கெட்டித் தரையில் வையுங்கள். டயரைத் தினமும் கையால் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்குங்கள். பலோடியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கீச்சனுக்குப் போங்கள். மங்கோலியா வரைக்கும் உள்ள புல்வெளிகளிலிருந்து வரும் நாரைகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தானியம் போடுகிறார்கள். விடிந்ததும் ஆயிரக்கணக்கில் இறங்கும்.

பெண்களுக்கு ஒன்று. மறைவு இல்லாத நிலத்தில் ஒதுங்க எங்கே போவது என்ற பயம் எனக்கும் இருந்தது. கூச்சப்படாமல் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். இடத்தையும் நேரத்தையும் அவர்களே சொல்வார்கள், கூடவும் வருவார்கள். மாதவிடாய் நாட்கள் நடுவில் வந்தால் அன்றைக்கு ஓட்டாமல் ஊரில் தங்கிவிடுங்கள். அதற்கும் சேர்த்தே நாட்களைத் திட்டமிடுங்கள்.

கூடாரம் போடுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். சாயங்காலம் இடம் தேடும்போது முள் இல்லாத, கல் இல்லாத, சுத்தமான கெட்டித் தரை ஒன்று கண்ணில் பட்டால் மனசு துள்ளும். நடுவில் சிமெண்ட் மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது ஆகோர். அங்கே கூடாரம் அடிக்காதீர்கள், சைக்கிளை உருட்டாதீர்கள், பக்கத்தில் பாத்திரம் கழுவாதீர்கள், சிறுநீர் கழிக்காதீர்கள். யாரோ ஒருவர் வீட்டுக் குடிதண்ணீர் அதன் மேல்தான் ஓடிவர வேண்டும். தாணியில் வாங்குகிற தண்ணீர் குடிக்க மட்டும். முகம் கழுவ, துணி அலச எல்லாம் ஊர்களிலும் தாபாக்களிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஐந்து லிட்டராவது சைக்கிளில் சுமக்க இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் நடுவில் கிளம்பி பிப்ரவரி முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. வெயில் ஒரு காரணம்தான். கோடை தொடங்கினால் கால்வாயை மூடுவார்கள், டாங்காக்களில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். நாம் கேட்டால் அப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் போய்க் கேட்காதீர்கள்.