ரேமை போர்டோடு ஒட்டி விற்காதீர்கள்

இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். திருச்சியில் சின்னக் கடை. வாடிக்கையாளரிடம் சொல்ல எனக்கு ரொம்பச் சங்கடமான வார்த்தை, "இதுல ரேம் ஏத்த முடியாதுங்க" என்பதுதான். ரேம் என்பது, கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை சொல்லியிருந்தால் அதிகம். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். தையல் தொழில். இளைய மகள் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுக்காக மூன்று வருடத்துக்கு முன் தவணையில் வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். மெல்லிசான, பார்க்க லட்சணமான மாடல். 4 ஜிபி ரேம். கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறந்து, கூடவே பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது.

"பெரியவளோட லேப்டாப்புக்கு நீங்கதான தம்பி ரேம் போட்டுக் குடுத்தீங்க. அது மாதிரியே இதுக்கும் போட்டுக் குடுங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. பெரியவளுடையது பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. உள்ளே ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. செத்துப்போன வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேமை அதில் சொருகினேன், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடியது. அந்தப் பெண் அதிலேயே டிகிரி முடித்தாள்.

இப்போது கொண்டுவந்ததன் பின்மூடியைக் கழற்றினேன். ஸ்லாட்டே இல்லை. கணக்குப் போடும் முக்கியச் சிப்பான பிராசசருக்குப் பக்கத்தில் நான்கு கறுப்புச் சில்லுகள், மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியிருந்தது. பிராசசர் நன்றாக இருக்கிறது. திரையில் ஒரு புள்ளிகூடப் போகவில்லை. கீபோர்டு புதுசு மாதிரி. ஒரே ஒரு பாகம் போதாமல் மொத்த மிஷினும் வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. இதைத் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்பெனிகளிடம் கேட்டால் ஒரு காரணம் சொல்வார்கள்: ரேம் பிராசசருக்கு நெருக்கமாக இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். அந்தக் காரணம் பொய்யில்லை. அதை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் வெறுமனே திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கம்ப்யூட்டர் வரலாறு என்றால் எல்லோரும் பிராசசரைத்தான் பேசுகிறோம். 1971-இல் வந்த இன்டெல் 4004, அதில் 2,300 டிரான்சிஸ்டர், அப்புறம் சிப்பில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்ற மூர் விதி. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஆளைத் திணறடித்த பாகம் நினைவகம்தான். எம்ஐடியின் வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரில் நினைவகக் குழாய்கள் அடிக்கடி பழுதாகி உயிரை வாங்கின. ஜே ஃபாரெஸ்டரும் அவர் குழுவும் 1953-இல் அவற்றை எடுத்துவிட்டு, பொடிப்பொடியான காந்த வளையங்களுக்குள் கம்பி கோத்துச் செய்த கோர் மெமரியை வைத்தார்கள். நிலாவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரில் இருந்ததும் அந்த வகைதான். மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தமே 2,048 சொற்கள் (இங்கே சொல் என்பது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒரு துண்டுத் தகவல்). புரோகிராமை வைத்திருந்த 36,864 சொற்களை மசாசூசெட்ஸில் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் கையால் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. ஒரு கம்பி தப்பாகப் போனால் புரோகிராமே தப்பு. தையல் அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஊசியில நூல் கோக்குற மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதான்.

பிறகு 1966-இல் ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1-க்கு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவு போதும் என்றார். 1968-இல் பேட்டன்ட் கிடைத்தது. இன்றைக்கு நாம் டிரேம் என்று சொல்வது இதுதான். ஆனால் அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி செகண்டுக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதாவிட்டால் தகவல் போய்விடும். நீங்கள் இந்தப் பதிவைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் போனில் அது ஆயிரக்கணக்கான தடவை நடந்திருக்கும். 1970-இல் வந்த இன்டெல் 1103 சிப்பில் 1,024 பிட்தான். என் மேஜையில் கிடக்கும் 8 ஜிபி துண்டில் 6,871 கோடிக்கும் மேல். கொள்ளளவு இப்படி ஏறியதே தவிர, நினைவகத்தின் வேகம் பிராசசரோடு சேர்ந்து ஓடவில்லை. 1995-இல் உல்ஃப், மெக்கீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'நினைவகச் சுவர்' என்றே பெயர் வைத்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் காட்டியது. 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு தசம எண்களைக் கூட்ட ஆகும் சக்தி 0.9 பிக்கோஜூல். அதே அளவு எண்ணை டிரேமிலிருந்து எடுத்துவர 640 பிக்கோஜூல். கூட்டுவதற்கு ஆகும் செலவைவிடக் கொண்டுவருவதற்கு எழுநூறு மடங்கு! பக்கத்துத் தெருவில் கிடைக்கும் மளிகைச் சாமானைச் சென்னையிலிருந்து லாரி வைத்து இறக்குகிற கதை. அதனால்தான் ரேமைப் பிராசசருக்கு ஒட்டினாற்போல் கொண்டுவர இவ்வளவு முயற்சி. ஆப்பிள் 2008-இல் மேக்புக் ஏரில் ரேமை போர்டில் ஒட்டியது, 2020-இல் தன் எம்1 சிப் வந்தபோது பிராசசர் இருக்கும் அதே பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிட்டது. ஏஐ சிப்புகளில் இன்னும் ஒரு படி மேல். டிரேம் சில்லுகளை மாடி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே துளைபோட்டு இணைக்கும் எச்பிஎம். என்விடியாவின் எச்100 ஏஐ சிப்பில் அது 80 ஜிபி. செகண்டுக்கு 3 டெராபைட்டுக்கு மேல் அள்ளிக் கொடுக்கிறது. அபாரமான வேலை, மறுப்பதற்கில்லை.

ஆக, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் எல்பிடிடிஆர் வகை ரேமை நீளமான ஸ்லாட்டில் சொருகினால் சிக்னல் கெடும், அதனால் ஒட்டினோம் என்று ஒரு பொறியாளர் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் அந்த அக்காவின் லேப்டாப்பில் ஒட்டியிருந்தது எல்பிடிடிஆர் இல்லை. சாதாரண டிடிஆர்4. பூதக்கண்ணாடி வைத்து சிப்பின் மேலே இருந்த நம்பரைப் படித்துப் பார்த்தேன். அதே டிடிஆர்4 ஸ்லாட் ரேமாக என் டிராயரில் ஏழெட்டு கிடக்கிறது. வேகமும் ஒன்றுதான். ஸ்லாட் ஒன்று வைத்திருந்தால் தடிமன் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ கூடியிருக்கும். இதில் எந்த இயற்பியலும் குறுக்கே நிற்கவில்லை. 4 ஜிபியை ஒட்டி விற்பது, அது மூன்று வருடத்தில் போதாமல் போகும் என்று தெரிந்தே செய்கிற காரியம். பணம் இருப்பவர் 16 ஜிபி மாடலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தவணை கட்டி வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

சிப்பைப் பெயர்த்துவிட்டு வேறு போட முடியாதா என்று சிலர் கேட்பீர்கள். முடியும். சால்டரை உருக்கும் ஹாட் ஏர் கருவி, ஸ்டென்சில் தகடு, பொறுமை எல்லாம் வேண்டும். புது அளவைப் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) ஏற்றுக்கொள்ள போர்டில் சின்ன ரெசிஸ்டர்களை வேறு இடம் மாற்ற வேண்டும். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒன்று ஓடியது, இன்னொன்றில் போர்டே போனது. ஏழை வீட்டு லேப்டாப்பில் அந்த விஷப்பரீட்சையைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஸ்லாட் ரேம் எவ்வளவு எளிமையான விஷயம் தெரியுமா? திரை வராமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டு வரும் சிஸ்டத்தில் பாதிக்கு மேல் நான் செய்வது ஒன்றுதான். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் நாலு இழுப்பு தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்துவேன். ஓடிவிடும். பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவனே செய்துகொள்வான்.

சரி, வேகமும் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்றால்? அதற்கும் வழி வந்துவிட்டது. டெல் கம்பெனி 2022-இல் கேம் என்று ஒரு புது வடிவத்தைத் தன் பிரிசிஷன் லேப்டாப்பில் கொண்டுவந்தது. பல்வரிசையைச் சொருகுவதற்குப் பதில், தட்டையான பலகையைப் போர்டின்மேல் படுக்கவைத்துத் திருகால் இறுக்குவது. தன் கண்டுபிடிப்பைத் தானே வைத்துக்கொள்ளாமல் பொதுத் தரமாக்கவும் டெல் ஒத்துழைத்தது. ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்2 என்ற பெயரில் வெளியிட்டது. அதிலேயே எல்பிடிடிஆருக்கான எல்பிகேம்2 வகையும் உண்டு. மூன்று திருகு, அவ்வளவுதான். சாதாரண லேப்டாப் ரேம் இரண்டு சேர்ந்து செய்கிற வேலையை ஒரே பலகை செய்துவிடும். 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1-இல் வந்தும்விட்டது.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்பதும் உண்மை. பழுதுபார்க்கும் உரிமைக்காகவே பெயர் வாங்கிய ஃபிரேம்வொர்க் கம்பெனி 2025-இல் கொண்டுவந்த டெஸ்க்டாப்பில் ரேமை ஒட்டித்தான் கொடுத்தது. அதிலுள்ள ஏஎம்டி பிராசசரின் 256 பிட் பாதைக்கு இந்தப் பலகை ஈடுகொடுக்கவில்லை. அதை வெளிப்படையாகவும் சொன்னார்கள். அப்படிச் சொல்லும் நிறுவனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. காரணமே இல்லாமல் ஒட்டுபவர்களோடுதான் சண்டை.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் போதாமல், சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென ஏறியது. நம்மைப் போன்ற கடைக்காரர்கள் வருடக்கணக்காக விற்ற குரூஷியல் ரேம் பிராண்டை நிறுத்துவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறும்போது கம்பெனிகள் முதலில் கைவைப்பது ரேமின் அளவில்தான். 8 ஜிபி கொடுத்த இடத்தில் 4 ஜிபி கொடுப்பார்கள். ஸ்லாட் இருந்தால் விலை இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம். ஒட்டியிருந்தால் வாங்கிய அன்றைக்கு இருந்ததுதான் கடைசிவரைக்கும்.

அந்த லேப்டாப்பில் தானாக ஓடிக்கொண்டிருந்த தேவையில்லாத புரோகிராம்களையெல்லாம் நிறுத்தி, டேலிக்கு மட்டுமாவது ஓடும்படி செய்து கொடுத்தேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தால் இன்னும் லேசாக ஓடும், ஆனால் அந்தப் பெண்ணுக்கு டேலி வேண்டுமே. காசு வாங்கவில்லை. அக்கா அரை மனதோடுதான் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு: விவரத் தாளில் ரேம் என்ற வரியைப் பாருங்கள். 'ஆன்போர்டு' அல்லது 'சால்டர்டு' என்று மட்டும் இருந்தால் ஒட்டியிருக்கிறது. 'சோ-டிம்' என்று இருந்தால் கழற்றலாம். சிலவற்றில் பாதி ஒட்டியும் ஒரு ஸ்லாட் காலியாகவும் இருக்கும், அது பரவாயில்லை. ஒன்றுமே போடவில்லை என்றால் கடைக்காரரிடம் மாடல் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு வந்து கமெண்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.