பாரீஸில் பேசும் போன், வைத்திக்குப்பம் கடலில் ஏன் ஊமை?

போன வாரம் பாரீஸிலிருந்து அக்கா வீட்டுக்காரர் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தார். தான் வைத்திருந்த ஐபோன் 14-ஐத் தம்பிக்கென்று எடுத்து வந்திருந்தார். "டவரே இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியா உதவி கேட்கலாம் மாப்ளே, கடலுக்குப் போறவன் நீ, வச்சுக்கோ" என்றார்.

தம்பி ஃபைபர் படகில் போகிறவன். போன ஐப்பசியில் முப்பது பாகம் ஆழத்துக்கு வெளியே ராத்திரி எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தான். போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. காலையில் வேறு படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வரும்வரை அம்மா கடற்கரை மணலை விட்டு எழுந்திருக்கவில்லை.

சரி, மாமா கொடுத்த போனைத் திறந்து தேடினோம். பிரான்சில் அவர் எடுத்த வீடியோவில், வானத்தைப் பார்த்துப் போனைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று அதுவே சாட்டிலைட்டைக் காட்டுகிறது. இங்கே அந்த வசதியே இல்லை! அதே போன், அதே கை. 2022 நவம்பரில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வந்த வசதி, டிசம்பரிலேயே பிரான்சுக்கும் வந்துவிட்டது. நமக்குக் கிடையாது.

இத்தனைக்கும் அந்த ஐபோன் 14-ஐ 2022-லேயே இங்கிருந்து மூன்று மணி நேர தூரத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் பொருத்த ஆரம்பித்துவிட்டார்கள். செய்கிற கை நம்முடையது. உயிரைக் காப்பாற்றுகிற பகுதி மட்டும் அடுத்தவனுக்கா?

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2019-ல் கூகுளின் பிக்சல் 4 போன் இந்தியாவுக்கே வரவில்லை. அதிலிருந்த குட்டி ரேடாருக்கு வேண்டிய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. கையை ஆட்டிப் பாட்டு மாற்றுகிற வசதி, போனால் போகட்டும். இது உயிர் சமாச்சாரம்.

தடுப்பதற்குக் காரணம் பாதுகாப்பு என்பார்கள். 2008-ல் மும்பைக்குக் கடல் வழியாக வந்தவர்கள் சாட்டிலைட் போனில் பேசினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கிற வசதியில் பேசவே முடியாது. நாலு வரிச் செய்தியும் இருக்கிற இடமும் மீட்பவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். இதற்கும், ரேடியோக் கருவி வைத்திருக்கவே அனுமதி கேட்ட 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்துப் பயம்தானா? 2024 டிசம்பரில் மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் கருவி ஒன்று பையில் இருந்ததற்காக கனடாக்காரப் பெண்ணை கோவா விமான நிலையத்தில் பிடித்தார்கள். அப்புறம் எந்தக் கம்பெனி துணிந்து இங்கே கொண்டுவரும்?

2017-ல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்தார் ஆழ்கடலில் தகவல் எட்டாமலே மாட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் படகுகளில், இருக்கிற இடத்தைச் சாட்டிலைட் வழியாகச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை மாட்டுகிறார்கள், நல்லது. படகு கவிழ்ந்தால் அதுவும் படகோடு போகும். போன் மடியில் இருக்கும்.

இன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி அந்தப் போனைப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு படகைத் தள்ளினான். ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது.