படம் போடுங்கள், ஆனால் பாதியில் நிறுத்துங்கள்

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில், பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்குப் புரொஜெக்டர் வாங்கலாமா என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டினால்தான் மண்டையில் ஏறும்" என்று ஒரு தரப்பு. "வீட்டில்தான் நாள் முழுக்க போன், கோயிலுக்கு வந்துமா?" என்று இன்னொரு தரப்பு. ஞாயிறு வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். ஆனால் படத்தைப் போட்டுவிட்டு ஆசிரியர் வெளியே டீ குடிக்கப் போவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

திருச்சபைக்கு ஊடகம் ஆகாது என்று சொல்வோருக்கு அதிகம் பதில் தேவையில்லை. வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவரே மார்க்கோனிதான். 1931இல் அதன் முதல் ஒலிபரப்பிலேயே பேசினார் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ். சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே 1963இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் ஆணை வெளியிட்டது. அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

என் கவலை வேறு. நம் பிள்ளைகளின் தலையில் இருக்கும் இயேசு கதை பெரும்பாலும் சினிமாவிலிருந்து வந்தது. புனித வெள்ளியன்று டிவியில் போடும் படம், யூடியூபில் பார்த்த துண்டுக் காட்சிகள், கிறிஸ்துமஸ் குடில் எல்லாம் கலந்த ஒரு கதை அது. அதில் எது நற்செய்தி, எது மரபு, எது இயக்குநரின் கற்பனை என்று அவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. உங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் "குடிலுக்கு வந்த ஞானிகள் எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கதையை எழுதிய நற்செய்தியாளர் மத்தேயு எண்ணிக்கையே சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று ஆகிவிட்டார்கள். அவர்கள் மாட்டுக் கொட்டிலுக்கு வந்ததாகவும் அவர் எழுதவில்லை, வீட்டுக்குள் போனதாகத்தான் எழுதியிருக்கிறார்.

இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களையும் சாவையும், பற்றி மெல் கிப்சன் 2004இல் வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள்வோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பல பங்குகளில் போடுகிறார்கள். அதில் சாட்டையடிக் காட்சி பார்க்க முடியாத அளவுக்கு நீளும். யோவான் நற்செய்தியில் அது ஒரே ஒரு வசனம். இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ஆளுநர் பிலாத்துவின் மனைவி மாதாவிடம் துணி கொண்டுவந்து கொடுக்கிறாளே, அது எந்த நற்செய்தியிலும் கிடையாது. மத்தேயுவில் அவள் தான் கண்ட கனவைப் பற்றிக் கணவனுக்குச் சொல்லி அனுப்புகிறாள், அவ்வளவுதான். துணி கொடுக்கும் காட்சி ஜெர்மானியத் துறவி ஆன் கேத்தரின் எம்மெரிக்கின் காட்சித் தியானங்களிலிருந்து வந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமே! அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, விவிலியத்தைத் திறக்கச் சொல்லி, "இது எங்கே இருக்கிறது, தேடுங்கள்" என்று கேட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சும் எழுந்துவிடும். தப்புக் கண்டுபிடிப்பதில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இருக்கும் ஆர்வம் வேறு யாருக்கும் கிடையாது.

இயேசுவின் பெண் சீடர் மகதலா மரியாவின் கதை இன்னும் மோசம். சினிமாவில் அவர் எப்போதும் விலைமாது. லூக்கா சொல்வதெல்லாம் அவரிடமிருந்து ஏழு பேய்கள் வெளியேறின என்பதுதான். சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 591ஆம் ஆண்டு மறையுரை ஒன்றில் திருத்தந்தை பெரிய கிரகோரி அவரையும், லூக்கா சொல்லும் பாவியான பெண்ணையும், பெத்தானியா மரியாவையும் ஒருவராக்கிப் பேசினார். அது பதினான்கு நூற்றாண்டாக ஒட்டிக்கொண்டது. 1969இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது திருச்சபை அந்தக் குழப்பத்தை விலக்கியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது நினைவு நாளான ஜூலை 22ஐத் திருத்தூதர்களுக்கு உரியதுபோல் விழாவாகவே உயர்த்தினார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களுக்கே போய்ச் சொன்னவர் என்ற மரியாதை அது. படங்கள் பல இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஒரு காட்சியை வைத்து இவ்வளவும் பேசலாம், ஒரு முழு வகுப்பு ஓடிவிடும்.

"இப்படியெல்லாம் கிளறினால் பிள்ளைகளின் பக்தி போய்விடாதா? சிலுவைப்பாதை செபத்தில் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா கூடத்தான் விவிலியத்தில் இல்லை" என்று ஓர் அருள்சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஆறாம் நிலை மட்டுமா, இயேசு சிலுவையோடு மூன்று முறை விழுவதும் விவிலியத்தில் இல்லை. ஆனால் அதை நாம் சொல்லாவிட்டால் பள்ளியில் பக்கத்து பெஞ்சில் இருக்கும், எல்லாவற்றுக்கும் வசனம் கேட்கும் பெந்தேகோஸ்தே சபை நண்பன் சொல்வான். "எந்த வசனத்தில் இருக்கு, காட்டு" என்பான். நம் பிள்ளை முழிக்கும். அதற்குப் பதில் நாமே சொல்லிவிட்டு, வசனத்தில் இல்லாததெல்லாம் பொய் ஆகிவிடாது, செபமாக வளர்ந்த மரபும் நமக்கு உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்று விளக்கினால் அதுதானே கத்தோலிக்க மறைக்கல்வி?

கற்பனைக்கு நான் எதிரியே இல்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பேசியதாக நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவரைப் பாட்டுடைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். தமிழ் மண்ணில் காப்பியத்துக்கு இருந்த மதிப்பு தெரிந்து செய்த வேலை.

அப்புறம் பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். இடைக்காட்டூரில் பாஸ்கா பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளை மேடையேற்றியே ஒரு கலைஞர் தலைமுறையை வளர்த்தது. பாஸ்காவில் காசுக்காக இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசாக நடிக்கும் பையனுக்கு வேறு யாரும் பாடம் நடத்த வேண்டாம். காசை ஏன் திருப்பி எறிந்தான், பேதுருவும்தான் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார், பிறகு ஏன் இருவருக்கும் வேறு வேறு முடிவு என்று அவனே கேட்டுக்கொண்டு வருவான். பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி வருவது அபூர்வம்.

கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பரில் புனிதரானதிலிருந்து "பாருங்கள், இணையத்திலேயே புனிதராகலாம்" என்று போஸ்டர் ஒட்டுகிறோம். பதினைந்து வயதில் இறந்துபோன அந்தப் பையன் செய்தது ரீல்ஸ் பார்த்தது அல்ல. திருப்பலியில் அர்ச்சிக்கும் அப்பமான நற்கருணை தொடர்பான அற்புதங்களை ஊர் ஊராகத் தேடி, விவரம் சேர்த்து, தானே இணையதளத்தில் தொகுத்து வைத்தான். நாளும் திருப்பலிக்குப் போய்க்கொண்டே செய்தான். நாமோ "இந்த மாதா படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி வரும்" என்பதை வாட்ஸாப்பில் தள்ளிவிடுகிறோம். வெளிச்செயலாலேயே செபம் பலித்துவிடும் என்று நம்புவது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 2111, தெளிவாகவே சொல்கிறது. அனுப்புகிறவர்களில் பங்குப் பேரவை உறுப்பினர்களும் உண்டு, பெயர் வேண்டாம்.

வரும் தவக்காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையே பாஸ்கா வசனம் எழுதச் சொல்லலாம் என்று பேரவையில் கேட்கப் போகிறேன். எந்த வரி நற்செய்தி, எந்த வரி தங்கள் சொந்தச் சரக்கு என்று ஓரத்தில் குறித்துத் தர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம். "அப்படியென்றால் பாடத்திட்டம் முடியாதே" என்ற காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். அது இப்போதும் முடிவதில்லை.