தாயைச் சார்ந்திருந்தால் உயிர் இல்லை என்றாகிவிடுமா?

"கரு தாயின் உடம்பை நம்பித்தானே இருக்கிறது? வெளியே எடுத்தால் பிழைக்காது. அப்புறம் அதற்கென்று ஏது உயிர்?" கருக்கலைப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாதம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் பெண்களின் உரிமைக்காகப் பேசுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். அந்த உரிமையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் இந்த வாதம் உடலியலில் நிற்காது.

ஆறேழு வாரக் கர்ப்பத்தில் ஸ்கேன் எடுக்கும்போது முதலில் தேடுவது இதயத் துடிப்பை. பிறப்புறுப்பு வழியே எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம், தலையிலிருந்து பிட்டம் வரை, 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லையென்றால் கரு இறந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். அதைவிடச் சிறியதாக இருந்தால் அவசரப்பட மாட்டார்கள். நாள் கணக்கு தவறியிருக்கலாம், துடிப்பு இனிமேல்தான் தெரிய வேண்டியிருக்கலாம் என்பதால் குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இங்கே கவனியுங்கள்: இறந்த கருவும் உயிருள்ள கருவும் ஒரே கருப்பையில், ஒரே மாதிரிதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சார்ந்திருப்பதை அளவுகோலாக வைத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே வழியில்லை. பிரித்துச் சொல்லாமலும் இருக்க முடியாது. பிந்தைய மாதங்களில் இறந்த சிசு வாரக்கணக்கில் உள்ளேயே தங்கினால் தாயின் இரத்தம் உறையும் தன்மையே குலையலாம்.

தாயிடமிருந்து கருவுக்கு வருவது ஆக்சிஜனும் சத்தும். அவற்றை வைத்து வளர்கிற வேலை கருவுடையது. கருத்தரித்த முதல் இரண்டு மூன்று நாட்கள் கருமுட்டையில் சேமித்து வைத்திருந்த தாயின் குறிப்புகளைக் கொண்டு அது ஓடுகிறது. மூன்றாம் நாளை ஒட்டி, நான்கு முதல் எட்டு செல் நிலையில், அதன் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. ஒரு வாரம் ஆகும்போது கருப்பைச் சுவரில் பதிந்து எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு, அந்த ஹார்மோன் வந்தால்தான் புரோஜெஸ்டிரோன் சுரப்பதைத் தொடரும். வராவிட்டால் மாதவிடாய் வந்து எல்லாம் வெளியேறிவிடும். அதாவது கர்ப்பம் தொடர்வதற்கான முதல் சமிக்ஞையே கருவிடமிருந்து போகிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடாகத் தெரிவதும் அதே ஹார்மோன்தான். நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருவின் திசு. இருவர் இரத்தமும் கலப்பதில்லை. கருவின் இரத்தத்தை ஓட்டுவது, கருத்தரித்த சுமார் 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும் அதன் சொந்த இதயம்.

சார்ந்து வாழும் உயிர்கள் உலகத்தில் ஏராளம். தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் இதுவரை வளர்க்க முடியவில்லை, அதற்கு உயிருள்ள உடல் வேண்டும். அதை உயிரற்றது என்று யாரும் சொல்வதில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"24 வாரத்துக்குப் பிறகுதான் உயிர், அப்போதுதான் வெளியே பிழைக்கும்" என்பதும் இதே வாதம்தான். அந்த எல்லையைத் தீர்மானிப்பது முக்கியமாக நுரையீரல். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சர்ஃபேக்டன்ட் 24 வாரத்தை ஒட்டித்தான் சுரக்க ஆரம்பிக்கிறது, போதுமான அளவுக்கு வர 35 வாரம் ஆகிவிடும். குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் சிசுவின் நுரையீரலை முதிரவைக்கும் பீட்டாமெத்தசோன் மருந்தைத் தாய்க்கு 12 மில்லிகிராம் வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு சர்ஃபேக்டன்ட் மருந்தை மூச்சுக்குழாய் வழியே நேரடியாகச் செலுத்துகிறார்கள். இந்த வசதிகள் உள்ள மருத்துவமனையில் 23 வாரக் குழந்தை பிழைக்கலாம், இல்லாத இடத்தில் அதே குழந்தை பிழைக்காது. அதன் உடம்பில் எந்த வித்தியாசமும் இல்லையே! 2017இல் பிலடெல்பியாவில், வளர்ச்சியில் மனிதரின் 23, 24 வாரத்துக்குச் சமமான ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரம்பிய பையில் நான்கு வாரம் வரை வளர்த்துக் காட்டினார்கள். கருவி முன்னேற முன்னேற நகர்கிற கோடு, கருவியின் திறமையைத்தான் அளக்கிறது.

உண்மையிலேயே சிக்கலான நிலை வேறு இருக்கிறது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் மிக அரிதாக ஒன்றுக்கு இயங்கும் இதயமே உருவாவதில்லை. பல சமயம் தலையும் இருக்காது. மற்ற சிசுவின் இதயம் தள்ளுகிற இரத்தம் இதற்குள் தலைகீழாகப் பாய்வதால் திசு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இரண்டு உடம்புக்கு உழைத்து அந்த நல்ல சிசுவின் இதயம் செயலிழக்கக்கூடும் என்பதால், சிகிச்சையில் இந்த இரத்த ஓட்டத்தைத் துண்டிக்கிறார்கள். இதயமற்றதை உயிருள்ள சிசுவாகக் கருதாததற்குக் காரணம், ஓர் உடலாகத் தன்னை ஒருங்கிணைத்து நடத்த அதனால் முடியாது என்பதே. நல்ல சிசுவும் தாயைச் சார்ந்துதான் இருக்கிறது, அதன் உயிரை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "ஆகவே கருக்கலைப்பு தவறு" என்று தாவுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சார்ந்திருத்தலுக்குக் கனம் உண்டு, ஆனால் அது இருக்க வேண்டிய இடம் வேறு. டயாலிசிஸ் இயந்திரத்துக்கு வலிக்காது. கர்ப்பிணியின் இரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. அந்தக் கூடுதல் சுமையோடு இதயம் மாதக்கணக்கில் ஓடுகிறது. இரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரலாம், பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் போகலாம். இன்னொருவர் முறை மாற்றிச் சுமக்கவும் முடியாது. இவ்வளவையும் ஒரு பெண் தன் சம்மதம் இல்லாமல் தாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? பெண்ணின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுங்கள். அதைக் கேட்பதற்குக் கருவுக்கு உயிரே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை.