கண்ணகிக்குப் பொங்கல், என்கவுன்டருக்கு ஹார்ட்டு

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறுகிற கூட்டத்தில் பாதிப் பேர் மற்ற நாள்களில் என்கவுன்டர் வீடியோவுக்கு ஹார்ட்டு போடுகிறவர்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வாட்ஸ்அப் குரூப்புகளைத்தான் காட்டுவேன். பளியன்குடி வழியாக மூச்சு வாங்க நடந்தோ, குமுளிக்குப் போய் ஜீப் பிடித்தோ, ரெண்டு மாநிலப் போலீசும் வனத்துறையும் விடுகிற அந்த ஒரு நாளில் போய்க் கண்ணகியைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். இறங்கி வந்து போனைத் திறந்தால் "இவனுக்கெல்லாம் எதுக்குய்யா விசாரணை, போட்டுத் தள்ளு". யாரைக் கும்பிட்டுவிட்டு வந்தோம் என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

கண்ணகி கதையைக் கற்பு, சாபம் என்றே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். எனக்கு அது ஒரு திருட்டு வழக்கு, அதுவும் மிக மோசமாக நடத்தப்பட்ட வழக்கு. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே வந்து, திருடன் என் குடிசையில் இருக்கிறான் என்று புகார் கொடுக்கிறான். புகார் கொடுத்தவனுக்கு இதில் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை. ராஜா காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்கிறான். போன காவலர்களுக்கே சந்தேகம், இவனைப் பார்த்தால் திருடன் மாதிரித் தெரியவில்லையே என்று. உடனே பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்கள் என்று ஒரு நீண்ட வகுப்பு எடுக்கிறான் (டிவி விவாதங்களில் வந்து உட்காருகிற நிபுணர்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை). அதற்குள் ஒரு விவரங்கெட்டவன் வாளை வீசிவிட்டான். வழக்கு முடிந்தது.

இப்போதைய சட்டத்தை வைத்துப் பார்த்தாலும் கோவலன் மேல் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. திருட்டு நடந்த கொஞ்ச காலத்திலேயே திருட்டுப் பொருள் ஒருவன் கையில் இருந்தால், அவன் திருடனாகவோ தெரிந்தே வாங்கியவனாகவோ இருக்கலாம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 114-ம் பிரிவு உதாரணமே கொடுத்திருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அதுவே 119. ஆனால் அந்த உதாரணத்துக்கு ஒரு வால் உண்டு: அந்தப் பொருள் தன்னிடம் எப்படி வந்தது என்று அவன் கணக்குச் சொல்ல முடியாவிட்டால்தான் அந்த அனுமானம். அதாவது அவனைக் கேட்க வேண்டும். கோவலனிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் மனைவியுடையது, உள்ளே மாணிக்கப் பரல் இருக்கும், உடைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பான். கடைசியில் கண்ணகி வந்து உடைத்துக் காட்டியதும் அதைத்தான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. சாட்சிப் பொருள் அரண்மனைக்குள்ளேயே இருந்தது, அதைப் பார்க்கும்போது கோவலன் உயிரோடு இல்லை.

"அதான் போலீஸ்கிட்ட அவனே ஒத்துக்கிட்டானே" என்று அடுத்த கமெண்ட் வரும். போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது, அந்த 1872 சட்டத்திலேயே 25-ம் பிரிவு அதைத் தடுத்துவிட்டது. குற்றவாளிகள் மேல் இரக்கப்பட்டு வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை இல்லை இது. இதற்குப் பின்னால் நம்ம ஊர் வலி இருக்கிறது. மெட்ராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்கவும் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் பார்லிமென்ட் வரை பேச்சுப் போய், ஒரு கமிஷன் போட்டு, 1855-ல் அறிக்கை வந்தது. அதில் கிட்டி வருகிறது. ரெண்டு குச்சியை ஒரு முனையில் கட்டி, நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. எங்கள் தாத்தா தலைமுறையில் "கிட்டி போட்டு நெருக்குறான்" என்பது கடன்காரனைத் திட்டுகிற சாதாரணப் பேச்சு. சாட்சியச் சட்டத்தை எழுதிய ஸ்டீபன், ஒரு அதிகாரி தன்னிடம் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்: வெயிலில் அலைந்து ஆதாரம் தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து ஒருத்தன் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுகமான வேலையாம். நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது, நிழலில் உட்காருகிற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.

2017-ல் குருகிராமில் ஒரு பள்ளிச் சிறுவன் கொலையான வழக்கு சிலருக்கு நினைவிருக்கும். பஸ் கண்டக்டர் ஒருவரைப் பிடித்தார்கள், ஒத்துக்கொண்டார் என்று சொன்னார்கள், நாடே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. சிபிஐ வந்து விசாரித்த பிறகு கண்டக்டருக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று ஆனது. அவரை அன்றைக்கே "போட்டுத் தள்ளி"யிருந்தால்? அந்த வாரம் ஹார்ட்டு போட்ட யாராவது பின்னால் போய் அதை எடுத்திருப்பார்களா?

அப்புறம் மனசு விஷயம். செயல் மட்டும் குற்றம் ஆகாது, அதைச் செய்தவன் மனதில் என்ன இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கிறது. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறுகிற ஜீப் ஒன்று கவிழ்ந்து உயிர் போனால், டிரைவரைக் கொலைகாரன் என்றுதான் முதலில் கத்துவோம். கொலை என்றால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ம் பிரிவு, ஆயுள் அல்லது தூக்கு. அலட்சியத்தால் மரணம் என்றால் 106, அதிகபட்சம் அஞ்சு வருஷம் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ-யில் ரெண்டே வருஷம்). செத்தவர் வீட்டுக்கு ரெண்டும் ஒரே சாவுதான், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆளைக் கொல்லணும் என்று வண்டியை ஏற்றியவனையும், இன்னும் நாலு பேரை ஏற்றினால் நாலு காசு கிடைக்கும் என்று நினைத்தவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தண்டனை என்பது ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரிப் பேசுகிறவர்களுக்கு எங்கள் எல்லைக்கோட்டையே காட்டலாம். குமுளியும் பீருமேடும் திருவிதாங்கூர், லோயர் கேம்ப்பும் கூடலூரும் மெட்ராஸ் மாகாணம். 1944-ல் திருவிதாங்கூர் மரண தண்டனையை எடுத்துவிட்டது. 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கேயும் நீட்டிக்கப்படும்வரை, கொலைக்கு இந்தப் பக்கம் தூக்கு, மலை ஏறி அந்தப் பக்கம் போனால் தூக்கு இல்லை. அதற்காகத் திருவிதாங்கூரைக் கருணை ராஜ்யம் என்று கொண்டாட வேண்டாம். தூக்கை எடுத்த அதே திவான் சர் சி.பி. காலத்தில்தான் 1946-ல் புன்னப்பிர-வயலாரில் ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். இன்னும் முன்னால் போனால், சுசீந்திரம் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விடச் சொல்லி, கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி என்று தீர்ப்புச் சொன்ன ஊர் அது. சுவாதித் திருநாள் ராஜாதான் அதை நிறுத்தினார். பிராமணன் கொலை செய்தாலும் மரண தண்டனை கிடையாது என்ற வழக்கமும் அங்கே இருந்தது. மனு சொன்ன கணக்கே அதுதானே, குற்றம் ஒன்று, தண்டனை சாதிக்குத் தக்கபடி.

மெக்காலே நம்மைப் பற்றி எழுதிய திமிர்ப் பேச்சுகளை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனாலும் அவர் 1837-ல் வரைவு கொடுத்து, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்த 511 பிரிவுகளில், கொலை செய்தவன் எந்தச் சாதி என்ற கேள்வியே கிடையாது. இந்த மண்ணில் அது சின்ன விஷயம் இல்லை.

அதே வெள்ளைக்காரன்தான் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் கொண்டுவந்தான். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தம் இருக்கிறவர்களுக்கு "ரேகைச் சட்டம்" என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு சாதியில் ஆம்பளையாகப் பிறந்தால் கைரேகை வைக்கணும், ராத்திரி காவல் நிலையத்தில் வந்து படுக்கணும், ஊர் தாண்டணும் என்றால் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது, மாயக்காள் என்ற பெண்ணும் அன்றைக்குச் செத்தவர்களில் ஒருத்தி. குற்றம் செய்தவனைத்தான் தண்டிக்கணும், செய்வான் என்று நாம் நினைக்கிறவனை இல்லை. இந்த அடிப்படையைச் சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இல்லை. அப்படி இருந்தும், ஏலக்காய் காணாமல் போனால் முதலில் எந்தக் காலனிப் பையன் முகத்தைத் தேடுகிறோம்? இடுக்கிப் பக்கம் ஏதாவது நடந்தால் "தமிழன் பண்ணியிருப்பான்" என்று அவர்கள் பேசினால் மட்டும் நமக்குச் சுருக்கென்று வருகிறது.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத். கால்நடை மருத்துவரான ஒரு பெண்ணைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டது, ஜனங்கள் போலீசுக்குப் பூப்போட்டார்கள், எங்கள் ஊரிலும் லட்டு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-ல், தப்பிக்கப் பார்த்தார்கள் என்ற கதை நம்பும்படி இல்லை, கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள் என்று சொன்னது. அந்த நாலு பேரும் குற்றவாளிகளாகவே இருந்திருக்கலாம். அதை நிரூபிக்கிற வாய்ப்பையும் சேர்த்துத்தானே சுட்டுவிட்டார்கள்? உண்மையில் யார் செய்தது என்று தெரிந்துகொள்கிற உரிமை செத்துப்போன பெண்ணின் வீட்டுக்கும் உண்டு.

"உன் வீட்டுப் பொண்ணுக்கு நடந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்பீர்கள். பேச மாட்டேன், அரிவாளைத் தூக்குவேன். என் மாதிரி ஆள் கையில் தீர்ப்பு போய்விடக் கூடாது என்றுதான், கொலை வழக்கை வீட்டுக்கும் வீட்டுக்குமான பகையாக விடாமல் அரசாங்கமே வாதியாக நின்று நடத்துகிறது. பழைய காலத்தில் உயிருக்கு விலை பேசி ரெண்டு குடும்பமும் தீர்த்துக்கொண்டதும் உண்டு, தீராமல் மூணு தலைமுறை வெட்டிக்கொண்டதும் உண்டு.

வழக்கு இருபது வருஷம் இழுக்கிறதே என்ற கோபத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். நம் சிறைகளில் இருக்கிற நாலு பேரில் ஏறக்குறைய மூணு பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் தீர்ப்பே வரவில்லை. நீதிபதி இடம் காலி, தடய அறிவியல் அறிக்கை வர மாசக்கணக்கு, சாட்சி சொல்ல வந்தவனை நாலு வாய்தா அலைய விட்டுக் கூலியைக் கெடுப்பது. இதைக் கேட்டு ஒரு மறியல் நடந்து நான் பார்த்ததில்லை. போஸ்டர் அடிக்கிற தம்பிகளுக்கு ஒரு யோசனை: பெண்கள், பட்டியல் சாதியினர், காவலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கணும் என்று 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. உத்தமபாளையம் கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேட்டால் போதும். அடுத்த போஸ்டரில் அதைப் பெரிய எழுத்தில் போட்டு, ஜீப் ஸ்டாண்டில் ஒட்டுங்கள்.