நீவி விட்டால் மட்டும் இடுப்புப் பிடிப்பு போய்விடுமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மீன் லோடு ஏற்றுவது என் வேலை. ஐஸ் போட்ட பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வண்டியில் வைக்கணும், நாள் முழுக்க அதுதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் இடுப்புக்கு நல்ல ஓய்வு, இனி வலி வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போட்டுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாளே, மூன்றாவது பெட்டியில் பிடித்துக்கொண்டது. குனிந்தவனால் நிமிர முடியவில்லை.

வழக்கம்போல எங்கள் பக்கம் சுளுக்கு எடுக்கிற அம்மாவிடம்தான் போனேன். எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு பார்த்து, கட்டைவிரலால் முதுகுத்தண்டு ஓரமாகவே இறக்கிக்கொண்டு வருவார். கட்டியாக நிற்கிற இடத்தில் விரலும் நிற்கும், "இங்கதான்யா இருக்கு" என்பார். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், குனிந்து போனவன் நிமிர்ந்து நடந்து வந்தேன். ஆனால் நாலாம் நாள் மறுபடியும் அதே பிடிப்பு.

என் சகலை மதுரையில் முதுகை 'மடக்' என்று முறித்துவிடும் இடத்துக்குப் போனார். கைரோபிராக்டிக் என்பார்கள், 1895-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் இல்லை, மூட்டு நீரில் உண்டாகிற வாயுக் குமிழியால் வருவது. அவருக்கும் ஒரு வாரம் லேசாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடி ஓடுகிறோம். புதிதாக வந்த பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் யார் கை வைத்தாரோ, பேர் அவருக்குப் போய்விடுகிறது.

பிசியோ (இயன்முறை வைத்தியம்) என்றாலே சரி என்றும் சொல்ல மாட்டேன். நான் முதலில் போன இடத்தில் பத்து நாள் மிஷினை வைத்துப் படுக்கப் போட்டார்கள், ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை, காசு போனதுதான் மிச்சம். அப்புறம் ராமநாதபுரத்தில் பார்த்த பிசியோ தம்பி, ஒரு காலிப் பெட்டியைத் தரையில் வைத்து, "தூக்குங்கண்ணே" என்றார். தூக்கினேன். "பெட்டி உடம்பை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கே, அந்தக் கனமெல்லாம் இடுப்பில்தானே விழும்" என்றார். பதினைந்து வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கையால் அழுத்தி விட்டார்தான், ஆனால் ஐந்தே நிமிஷம். மீதி நேரமெல்லாம் என்னைச் செய்ய வைத்தார்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்துவது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடை. ஆறு வாரம் ஆனது. இப்போது லோடு ஏற்றுகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நீவுவதையும் கையால் முதுகெலும்பை அசைத்துவிடுவதையும் அது ஒதுக்கவில்லை. இடுப்பு பெல்ட்டையும், இடுப்பை இழுத்து வைக்கிற இழுவை கட்டுவதையும், வலிக்கு வைக்கிற அல்ட்ராசவுண்ட் மிஷினையும்தான் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அதனால் அந்த அம்மாவிடம் போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். போங்கள், பிடிப்பு இளகும். இளகின அன்றே பயிற்சியை ஆரம்பியுங்கள். கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கும், வலை இழுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் கால் பலம் இழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, யாரையும் கை வைக்க விடாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.